தேசம்மா வீட்டு விசாரணை

ஜூன் 3, செவ்வாய்

என் பெயர் பொன்னுரங்கம். இதை நானேதான் எழுதுகிறேன்.

ஜூன் 4, புதன்

நேற்று அந்த இரண்டு வரியை எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிட்டேன். அதற்கு மேல் எழுதினால் சந்தோஷம் தாங்காது என்று தோன்றியது. எனக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. பொங்கல் முடிந்து எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் மாலை வகுப்பு தொடங்கியபோது 'அ' போடவே எனக்கு ஒரு வாரம் ஆனது. இப்போது பஸ்ஸின் பலகையைப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். நான் ஏற வேண்டிய பஸ் இல்லை என்றாலும் படிக்கிறேன்.

இந்த நோட்டைக் கொடுத்தது பெனசிர் பாப்பா. கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். ரோட்டோரம் குடியிருந்துவிட்டு இங்கே அரசாங்க வீடு கிடைத்து வந்தவர்களைப் பேட்டி எடுக்கிறாள். வந்தபின் எப்படி இருக்கிறீர்கள், என்ன மாறியது, என்ன கஷ்டம் என்று கேட்டு போனில் பதிவு செய்துகொள்கிறாள். முதலில் என்னிடம்தான் வந்தாள். வால்டாக்ஸ் ரோட்டில் மீன்பாடி வண்டி மிதித்தது, அங்கேயே பிளாட்பாரத்தில் படுத்தது, போன வருஷம் இந்த வீட்டுக்குச் சாவி வாங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "இது உங்க வீடுன்னு எப்போ தாத்தா மனசுல பட்டுச்சு?" என்று கேட்டாள்.

சாவி வாங்கிய அன்றைக்கே என்றேன். எழுதிக்கொண்டாள்.

இனி நானும் அவளோடு வீடு வீடாகப் போகப்போகிறேன். அவள் தனியாகப் போனால் எல்லாரும், "நல்லா கீறோம்மா, ஒரு கொறையும் இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார்களாம். அவள் கழுத்தில் அட்டை தொங்குகிறது. அட்டை தொங்கினால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஜூன் 6, வெள்ளி

இன்று என் பக்கத்து வீட்டுக் கோதண்டத்தையும் அவன் சம்சாரம் சுலோச்சனாவையும் பேட்டி எடுத்தோம். கோதண்டம் வழக்கம்போல ஆரம்பித்தான். "நல்லா கீறோம்மா..."

"டேய், இது நம்ம பாப்பா. உண்மையச் சொல்லு" என்றேன்.

"உண்மையா? தூக்கம் வர்லம்மா. ஒரு சத்தமும் இல்ல இங்க. லாரி போவணும், பஸ்ஸு போவணும், அப்பத்தான் எனக்குக் கண்ணு சொக்கும். மழ பேஞ்சு குளுர்ற அன்னிக்கும் ஃபேனப் போட்டுக்கினு படுக்கறேன். அது கடகடன்னு கத்துது பாரு, அதுக்கோசரம்."

"என்னைப் போட்டு வெறைக்க வெக்கிறாரு" என்றாள் சுலோச்சனா. பிறகு அவள் தன் முறைக்குக் காத்திருக்காமலே பேசினாள். "எனக்கு இன்னா தெரியுமா பாப்பா? தாப்பா. பாத்ரூம்ல தாப்பா போட்டுக்கினு குளிக்கறேன். ரோட்ல இருக்கசொல்ல விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஒருத்தி பொடவய மறைப்பாப் புடிக்க, உள்ள குந்திக்கினு ரெண்டு சொம்பு ஊத்திக்குவோம். எனக்கு எப்பவும் தேசம்மாதான் புடிப்பா. கை கடுத்தாலும் எறக்க மாட்டா. இப்போ தாப்பா போட்டுட்டு, ஊத்திக்காம கூடச் சும்மா கொஞ்ச நேரம் நிப்பேன்."

பாப்பா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதிவாகிறதா என்று பார்க்கிறாள் என நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

தேசம்மா மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. வால்டாக்ஸ் ரோட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி மட்டும்தான் இருந்தது. அவள் புருஷன் காலமாகி ரொம்ப வருஷம். பிள்ளைகள் இல்லை. மளிகை மண்டிக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பாள். இப்போதும் அதுதான் வேலை, மூட்டை வேனில் வருகிறது. நான் சில நாள் மாலையில் மூன்றாம் மாடிக்குப் போவதுண்டு. அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரியும்.

நாங்கள் போனபோது அவள் வீட்டுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பும் வராந்தாவில். பாயும் வராந்தாவில். துணிமணி, பாத்திரமெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக் கதவோரம் இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. தரை மட்டும் பளபளவென்று இருந்தது.

"சமையல் மேடை உள்ள இருக்கேம்மா?" என்று பாப்பா கேட்டாள்.

"இருக்குது. கண்ணாடியாட்டம் கீது. கரி புடிச்சிட்டா, நாளைக்குக் கேட்டா இன்னா சொல்றது?"

"யார் கேப்பாங்க?"

"குடுத்தவங்க."

"ராத்திரி எங்க படுக்கறீங்க?"

"உள்ளதான்" என்றாள் தேசம்மா, என்னைப் பார்த்துக்கொண்டு. பாப்பா பாயைப் பார்த்தாள். மேலே கேட்கவில்லை. சிலர் அப்படித்தான். நான் என் வீட்டுக்குள்தான் படுக்கிறேன். கதவைத் திறந்து வைத்து, தலையை வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்துப் படுக்கிறேன். அது காற்றுக்காக.

பேட்டி கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை. "என்கிட்ட இன்னா கீது சொல்றதுக்கு? யோவ் ரங்கம், நீ எய்தறியாமே. என் பேர எய்து பாக்கலாம்."

இந்த நோட்டில்தான் எழுதிக் காட்டினேன். தேசம்மா. வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இம்மாந்துண்டுதான் கீறேனா நானு?" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். பூண்டுத் தோல் பறந்தது.

ஜூன் 12, வியாழன்

தேசம்மா வீட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கோதண்டமும் சுலோச்சனாவும் இன்னும் சில பெண்களும் கூடியிருந்தார்கள். "ரங்கம் மாமா படிப்பாரு, வழி வுடுங்க" என்று எனக்கு இடம் விட்டார்கள்.

வகுப்புக்கு வெளியே, நான்கு பேர் முன்னால், நான் படிப்பது இதுதான் முதல் முறை. விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஒ, துக், கீ, டு. ஒதுக்கீடு! சுலோச்சனா கை தட்டினாள். இன்னும் தெம்பு வந்தது. 'ஆய்வின்போது' என்பது சிரமமான சொல், அதையும் படித்துவிட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கைதட்டல். தேசம்மா முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். எனக்குச் சொற்கள் தெரிந்தன, விஷயம் தெரியவில்லை. 'ரத்து' என்று வாய்விட்டுச் சொல்லி, கோதண்டம் "இன்னாது?" என்று கேட்ட பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆய்வு செய்தபோது இந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை. ஆகையால் ஒதுக்கீடு ரத்து செய்யப்படும். விளக்கம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் ஆபீஸில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் அதில் இருந்தது.

கைதட்டல் நின்றது. "நல்லா படிக்கிறே" என்றாள் தேசம்மா. பிறகு குனிந்து, கதவோரம் இருந்த மூட்டையின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

ஆள் இல்லை என்று எப்படி எழுதினார்கள்? அவள் இந்த வீட்டை விட்டு எங்கும் போனதில்லையே. பாப்பாவும் நானும் கோதண்டமும் அவளை உட்கார வைத்துக் கேட்டோம்.

"எவனும் வர்ல" என்றாள்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா."

"வந்தாங்க. பேனாவும் அட்டையுமா ரெண்டு பேரு. நான் இங்கதான் குந்திக்கினு இருந்தேன்."

"என்ன கேட்டாங்க?"

"நீ இங்க தங்கிக்கினு கீறியான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தேசம்மா பூண்டை எடுத்துக் கையில் உருட்டினாள். "இல்ல சார், சும்மா குந்தினேன், தோ எழுந்துடறேன்னு சொன்னேன்."

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூட்டையைத் தூக்கிக்கினு கீழ எறங்கிட்டேன். அவுங்க போனப்புறம் வந்தேன்."

கோதண்டம் முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. பாப்பாவுக்கு நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பிளாட்பாரத்தில் ஒருவர் வந்து 'இங்கே இருக்கிறாயா' என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. இருக்கிறேன் என்று சொன்னவர்களின் சாமானைக் கார்ப்பரேஷன் லாரி அள்ளிக்கொண்டு போகும். சும்மா உட்கார்ந்தேன் என்று சொன்னவர்கள் சாமானோடு தப்பிப்பார்கள். தேசம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லி வந்த பதில் அது. அந்தப் பதில்தான் அவளை இத்தனை காலம் காப்பாற்றியது.

நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அவர்கள் என் வீட்டுக்கு வந்தபோது நான் கீழே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றிருந்தேன். அட்டையைப் பார்த்ததும் அங்கே ஒரு வேலை ஞாபகம் வந்தது. கோதண்டம்தான் எனக்காக, "எங்க அண்ணன் வூடு சார், தோ வந்துடுவாரு" என்று சொல்லியிருக்கிறான். தேசம்மாவுக்குப் பக்கத்து வீடு காலி. சொல்ல ஆள் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கோதண்டத்துக்கு இன்று டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டான். இன்னொரு டீ சொன்னேன்.

ஜூன் 14, சனி

இன்று எழுத மனம் இல்லை. 'மனம்' என்பதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

ஆபீஸுக்குப் போனோம். பாப்பா மனு எழுதினாள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன். அவர் மறுபடி தள்ளினார். "பேனா குடும்மா" என்றேன்.

பொன்னுரங்கம் பெரிய பெயர். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "தாத்தா, ரயிலா வுடறே?" என்று ஒருவன் கேட்டான். நான் அவசரப்படவில்லை. அந்த அம்மா மனுவைத் திருப்பி வைத்துப் படித்துப் பார்த்து, "அழகா இருக்கே" என்றார். நன்றாக இருக்கட்டும் அவர்.

ஆனால் அவர் சொன்ன விஷயம் வேறு. மனு மட்டும் போதாதாம். 24ஆம் தேதி பெரிய அதிகாரி நேரில் வருவார். அவர் கேட்கும்போது தேசம்மா தன் வாயால் சொல்ல வேண்டும். சாட்சி சொல்வதை அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு, பக்கத்தில் ஆளை வைத்துப் பேச வைப்பவர்கள் இருக்கிறார்களாம்.

ஜூன் 19, வியாழன்

ஒத்திகை. நான்தான் அதிகாரி. கோதண்டத்தின் மடிப்புக் கலையாத சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் பேனா செருகி, மாடிப்படி ஏறி வந்தேன்.

"இது யார் வீடும்மா?"

"எனக்குக் குடுத்திருக்காங்க சார்."

"அப்படிச் சொல்லாதீங்க. என் வீடுன்னு சொல்லுங்க" என்றாள் பாப்பா.

மறுபடி ஏறி வந்தேன். "இது யார் வீடு?"

"என்னை இருக்கச் சொல்லியிருக்காங்க சார்."

மறுபடி. முழங்கால் வலித்தது. "யார் வீடு?"

"இவுங்க சொல்லச் சொல்றாங்க சார், என் வூடாம்."

சுலோச்சனா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். தேசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், பெரிய ஆபீசரு! நீ சொல்லு பாக்கலாம். உன் வூட்டு வாசல்ல நின்னுக்கினு, என் வூடுன்னு ஒரு தபா சொல்லு."

இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போய்ச் சொன்னேன். என்ன பெரிய விஷயம். தொண்டை மட்டும் கொஞ்சம் அடைத்தது. காலையில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்திருந்தேன்.

"கேக்கல" என்றாள் தேசம்மா மேலிருந்து.

ஜூன் 21, சனி

வீடு போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "இன்னா செய்யறது, ரோடு எங்கயும் போவலியே" என்றாள். சொல்லிவிட்டுப் பூண்டு உரித்தாள். போன மாசம் மழையில் நனைந்ததிலிருந்தே அவளுக்கு இருமல் விடவில்லை.

வால்டாக்ஸ் ரோடு எனக்கும் தெரிந்த இடம்தான். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து இடம் இன்னும் காலியாக இருக்குமா என்று கோதண்டத்திடம் விசாரித்தேன். "உனுக்கு எதுக்கு அண்ணே அது?" என்றான். சும்மாதான் கேட்டேன்.

ஜூன் 23, திங்கள்

மாலையில் பெரிய மழை. பிளாக்கைச் சுற்றிச் சேறு. நாளை அதிகாரி வருகிறார். வராமல் போய்விடுவாரோ என்று பயம். வந்துவிடுவாரோ என்றும் பயம்.

ஜூன் 24, செவ்வாய்

நேரமாகிவிட்டது. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

காலையிலேயே எல்லாரும் மூன்றாம் மாடியில் கூடிவிட்டோம். தேசம்மா துவைத்த புடவை கட்டியிருந்தாள். விடிந்ததிலிருந்து தரையைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கோதண்டம், "சாமி படம் ஒண்ணு மாட்டு, ஆள் இருக்கற மாதிரி தெரியும்" என்றான். "செவுத்துல ஆணி அடிக்கறதா? போடா" என்றாள். அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுபோய் வைக்க ஒப்புக்கொண்டாள். அதற்குக் கீழே பழைய காகிதம் விரித்தாள்.

அதிகாரி உயரமான மனிதர். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கூட ஒரு கிளார்க். கெட்ட முகம் இல்லை, களைத்த முகம்.

"தேசம்மா யாரு?"

"நாந்தான் சார்." எழுந்து நின்று தலையைச் சொறிந்தாள்.

"நீங்க இங்க குடியிருக்கீங்களா?"

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பாப்பா அவளையே பார்த்தாள். நான் மனத்துக்குள் சொன்னேன், சொல்லு, சொல்லு என்று. தேசம்மாவின் கை பின்னால் போய் மூட்டையின் முடிச்சைப் பிடித்தது.

"இல்லன்னா இல்லன்னு சொல்லும்மா. நான் இன்னும் பல எடம் போகணும்" என்றார் அதிகாரி. சரி, நாமே பார்ப்போம் என்று நினைத்தார் போல. அப்படியே உள்ளே நடந்தார். காலில் ஷூ. ஷூ முழுக்கச் சேறு. அந்தப் பளபளத்த தரையில் ஒரு தடம் விழுந்தது. இன்னொரு தடம் விழுந்தது.

"ஏய்! இன்னாயா இது!"

யார் கத்தியது என்று எனக்கே முதலில் தெரியவில்லை.

"கால்ல மாட்டிக்கினு உள்ள போறே? யார் வூடுன்னு நெனச்சே? விடிஞ்சதுலேருந்து முட்டி தேயத் தொடச்சு வெச்சுக்கீறேன், சேத்தக் கொணாந்து என் வூட்ல அப்பறே? வெளிய வா! மொதல்ல வெளிய வாய்யா!"

அதிகாரி திரும்பவே இல்லை. தான் வைத்த தடத்தின் மேலேயே கால் வைத்து, பின்பக்கமாக வெளியே வந்தார். கிளார்க் கையிலிருந்த அட்டை விழுந்துவிட்டது.

அப்போதுதான் தேசம்மாவுக்குத் தான் யாரைப் பார்த்துக் கத்தினோம் என்பது தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. "சார்... சார், தெரியாம..." என்று கும்பிடப் போனாள்.

அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். ஒரு காலில் காலுறை கிழிந்து, கட்டைவிரல் தெரிந்தது. ஷூ இரண்டையும் ஓரமாக வைத்தார். வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே போகவில்லை.

"உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.

நான் பார்த்த காக்கிச் சட்டைகளும் வெள்ளைச் சட்டைகளும் கொஞ்சமல்ல. எங்களிடம் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. தேசம்மா அவரைப் பார்த்தாள், வாசற்படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள். பிறகு, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "வாங்க சார். ஈரமா கீது, வழுக்கும். பாத்து வாங்க."

உள்ளே போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார். சமையல் மேடையைப் பார்த்தார். "சமைக்கிற மாதிரியே தெரியலையேம்மா?" என்றார்.

"இனிமேட்டு சமைப்பேன் சார்."

நின்றபடியே எழுதினார். வெளியே வந்து ஷூவை மாட்டும்போது கிளார்க்கிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். "ஆள் இல்லாத வீட்டுல இப்படித் திட்டு வாங்க முடியாதுய்யா."

அவர்கள் இறங்கிப் போன பிறகு தேசம்மா உட்கார வேண்டும் என்றாள். வராந்தாவில் பாய் இருந்தது. அவள் அங்கே போகவில்லை. உள்ளே போய், கூடத்தின் நடுவில், காலை நீட்டி உட்கார்ந்தாள்.

ஜூன் 25, புதன்

பாப்பா இன்று பேட்டி எடுக்க வரவில்லை, சும்மா வந்தாள். தேசம்மா, "ஏன் பாப்பா, என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டியா?" என்றாள். பாப்பா போனை எடுப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் வரை பேசினாள். போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. அப்புறமும் பேசினாள்.

ஜூலை 5, சனி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று இரவு நான் மூன்றாம் மாடியிலிருந்து என் வீட்டுக்கு இறங்கி வரவில்லை. மழை. மாடிப்படிக்கு மேலே கூரை இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் மழை.

நேற்று பகலில் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. ஒதுக்கீடு ரத்து ஆகாது. வீடு தேசம்மா பெயரிலேயே இருக்கும். இந்த முறை நான் கூட்டத்தில் படிக்கவில்லை. முதலில் தனியாக ஒரு மூலையில் நின்று, மனத்துக்குள் முழுதாகப் படித்து, விஷயம் தெரிந்த பிறகுதான் அவளிடம் போய் வாய்விட்டுப் படித்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "இன்னொரு தபா" என்றாள். படித்தேன். "போதும், போ. சாயங்காலம் வா" என்றாள்.

சாயங்காலம் ஏறிப் போனேன். இரண்டாம் மாடியிலேயே கருவாட்டுக் குழம்பு வாசனை. மூன்றாம் மாடி வராந்தாவில் யாரும் இல்லை. பாயும் இல்லை. உள்ளே சமையல் மேடைக்கு முன்னால் அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். மேடைக்குப் பின்னால் சுவரில் கரி ஏறத் தொடங்கியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். எத்தனையோ முறை வந்த இடம்தான். ஆனாலும் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றேன். அதிகாரியே கேட்டுவிட்டுத்தானே போனார்.

"உள்ள வரலாமா?" என்றேன்.

தேசம்மா கரண்டியோடு திரும்பினாள். மேலும் கீழும் என்னைப் பார்த்தாள்.

"யோவ் ரங்கம், உனுக்குத் தனியா வேற சொல்லணுமா? வந்து குந்து. கொயம்பு ஆறுது."